பதினோரு நொடி

நான்கு பெயர்களையும் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
அடுத்தது. எரிகல். ஒல்லி. மறுகலவை.
பிள்ளைக்குப் பெயர் வைக்க வந்தவர்கள் மாதிரி
மேசையைச் சுற்றி மூன்று பேர்.
கீழே சலவைக்கடை இயந்திரங்கள்.
வெளியே மழையில் ஜெலுத்தோங் சாலை
சிவப்பு விளக்காய் நீண்டு நிற்கிறது.

சர்வினுக்கு ஒல்லிதான் வேண்டும்.
போன மாதம் பிடித்த காதல், கண்ணில் தெரிகிறது.
ஹுய் லிங் ஜாவா மீ கிண்ணத்திலிருந்து நிமிராமல்
"தெரிஞ்சதை எடு. எட்டாயிரம் வெள்ளி வேலை,
வெள்ளிக்கிழமை கெடு" என்கிறாள்.
நான்கும் தருவது ஒரே வாக்குறுதி:
திரையில் தெரிவதும் பின்னால் கிடங்கில் கிடப்பதும்
ஒரே மொழி பேசும்.

நான் வாய் திறக்கவில்லை.
நானும் ஒரு தரம் சர்வினைப் போல் தேர்ந்தெடுத்தவள்.
எதை என்று சொல்ல மாட்டேன்.
தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் அது படுத்தது.
பாகானில் மகேசுவரியக்காவின் நானூறு முறுக்கு ஆர்டரும்
காலண்டர் தாளின் முதுகுக்கு ஏறின.
அவர் திட்டவில்லை.
ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார்.
அதைத்தான் இன்னும் தின்று முடிக்கவில்லை.

மறுநாள் தவுக்கே கோரின் உதிரிப்பாகக் கிடங்கு.
தகரக் கூரை. சிக்னல் ஒரு கோடு,
அதுவும் மனம் வந்தால்.
பகதூர், நேபாளத்துக்காரர்,
கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை ஓடிய கைப்பேசியில்
என் மாதிரிப் பக்கத்தைத் திறந்தார்.
பழைய சாகா, முன் பிரேக் பேட்.
வெள்ளைத் திரை. நடுவில் சுற்றும் வட்டம்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், மரியாதைக்காக.
பிறகு கைப்பேசியை என் கையில் வைத்துவிட்டு
மூன்றாம் வரிசை, கீழ்த்தட்டு,
பெட்டியோடு திரும்பி வந்தார்.

பதினோரு நொடி.
வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

கட்டம் கட்டமாய் நாங்கள் போட்ட ஒப்பீட்டு அட்டவணையில்
பகதூரின் காலுக்கு ஒரு கட்டம் இல்லை.

சேவையகத்திலேயே ஆக்கி
இலையோடு வைக்கிறது வேண்டும் என்றேன்.
அரிசியையும் அடுப்பையும் கைப்பேசியில் இறக்கி
நீயே பொங்கிக்கொள் என்கிறது வேண்டாம்.
சர்வின் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.
ஒல்லியும் அதைச் செய்யும் என்று
அரைமணி கழித்து, திரையைப் பார்த்தபடியே சொன்னான்.
செய்யும்தான். அவன் சொன்னதில் தப்பில்லை.
நள்ளிரவில் உடைந்தால் எழுந்து ஒட்ட
மூன்று பேருக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

அடுத்தது.

நிறுவு என்று தட்டினேன்.
நான்கு பெட்டி உள்ள ஒரு படிவத்துக்குத்
தொள்ளாயிரம் பொட்டலம் இறங்கியது.
கீழே ஏதோ ஓர் இயந்திரம் துவைத்து முடித்து
பீப் பீப் என்று கூப்பிட்டது, யாரும் வரவில்லை.
கடைசியில் மஞ்சள் எழுத்து: எச்சரிக்கைகள், ஏழு.
வழக்கமாய் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.
ஹுய் லிங் கிளம்பிவிட்டாள். மழை விட்டிருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டு
முதலாவதைப் படிக்கத் தொடங்கினேன்.