கீழ்ப்பிரிவு அறிவித்தல்

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
முன்பக்கம் நகைக்கடைக்காரி, கழுத்து நிறையத் தங்கம்.
எங்களில் பாதிப்பேர் கழுத்து
தலவாக்கலை அடகுக் கடையில் இருக்கிறது.

அக்கரப்பத்தனை, பெரியமட்டம் தோட்டம்,
சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம்.
அங்கத்தவர் அறுபத்து நான்கு.
ஒருத்தி ஊரில் இல்லை.
சவரியம்மா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன்
சேமிப்பை வாங்கி எண்ணினாள்,
நூறு ரூபாயை மேசையிலேயே விட்டாள்.
"எம் பேர வெட்டிறாதீங்க" என்றாள்.
வெட்டவில்லை.

கூட்டம் வழக்கம்போல் பிள்ளைக்காம்பராவில்.
ஞாயிறு என்பதால் தொட்டில்கள் சும்மா தொங்கின.
பொருளாளர் குட்டி நாற்காலியில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து
நாற்பது ரூபாய் குறைகிறது என்று சொன்னபோது
ஒருவரும் பேசவில்லை.
கூரை ஒழுகியது மட்டும் கேட்டது.
பிறகு பேரேட்டின் ஈரப் பக்கங்களுக்கிடையில்
இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள்
ஒட்டிக்கொண்டு கிடந்தன.
அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதை எழுதாதே என்றார்கள்.
அவர்தான் எழுதச் சொன்னார்.

வேலாயுதனின் தவணை மூன்று மாதம் நின்றுவிட்டது.
கடன் வாங்கி வாங்கிய மாடு செத்தது உண்மை,
போய்ப் பார்த்தேன்.
ஆறு மாதம் நீட்டியிருக்கிறோம்.
ஐந்து பேர் எதிர்த்தார்கள்,
அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இனி லோகாம்பிகை விசயம்.
எல்லோருக்கும் தெரியும்,
புதன்கிழமை கம்பனிக்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்
எட்டாம் நம்பர் மலையில்
கொழுந்து திடீரென்று கூடுதலாய் முளைக்கும்.
அவள் வாங்கியது முப்பதாயிரம்,
கட்டியது நாற்பத்தோராயிரம்,
இன்னும் பாக்கி பதினெட்டு.
நகரத்து வங்கி காணி உறுதி கேட்டதாம்.
லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது?
கதவில் தாரால் எழுதிய ஆறு என்ற இலக்கம் உண்டு.
அதைப் போட்டோக்கொப்பி எடுக்க முடியாது.

சங்கத்துக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போதும்.
ஒன்று நான்.
இரண்டாவதற்கு யாரும் எழும்பவில்லை,
ஐந்து நிமிசம், அதற்கு மேலும் இருக்கும்.
எழும்பியது பூரணி.
தண்ணிப் பீலியில் வாளி உருண்ட நாளிலிருந்து
மூன்று வருசமாய் இருவருக்கும் பேச்சில்லை.
"பேசமாட்டேன்," என்றாள் பூரணி,
"கையெழுத்துப் போடுறேன்."
போட்டாள். பெரிய எழுத்து,
அடுத்த கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.
இன்றைக்கும் பேசுவதில்லை என்றுதான் கேள்வி.

கடைசியாக முக்கியமானது.
கடன் கொடுக்கும் எல்லோருக்கும் ஒரே சட்டமாம்,
கண்ணாடிக் கதவு வைத்த கம்பனிக்கும்
தகரப்பெட்டி வைத்த எங்களுக்கும்.
காரியாலயம் வேண்டுமாம், கணினி வேண்டுமாம்,
எங்கள் முழுச் சேமிப்பையும் விழுங்குகிற பதிவுக் கட்டணமும் வேண்டுமாம்.
அந்தக் கம்பனிக்காரனைப் பிடிக்கச் சட்டம் வேண்டாமென்று
நாங்கள் சொல்லவில்லை.
வேண்டும், இன்றைக்கே வேண்டும்.
நரியைப் பிடிக்க வைக்கிற கண்ணியைக்
கோழிக்கூட்டு வாசலில் வைக்காதீர்கள்
என்பதுதான் மனு.

பதினான்காம் திகதி செவ்வாய்,
காலை ஐந்தரைக்கு வேன், நுவரெலியாவுக்கு.
ஆளுக்கு முந்நூறு ரூபாய்.
அன்று பேர் விழாது.
அந்த நாள் சம்பளத்தைச் சங்கம் தருமா என்று கேட்டார்கள்.
தராது.
எனக்கும் தராது.
இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தாயிற்று,
வேனில் இடம் பதினான்கு,
மடியில் உட்காரச் சம்மதிப்பவர்கள்
முன்கூட்டியே சொல்லவும்.
பாஸ் புத்தகத்தை மறக்க வேண்டாம்,
அதிகாரி பார்க்கட்டும்,
வாரம் ஐம்பது ஐம்பதாய்
ஒரு பக்கம் எப்படி நிறைகிறது என்று.

மஸ்டர் கொட்டகைச் சுவரில் இதை ஒட்டுகிறேன்.
சாரல் அடித்தால் மை கரையும்,
முதலில் என் பெயர் போகும்.
தொகைகளைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
பென்சில் கரையாது.

புவனலோசினி,
செயலாளர்.