வேந்து

கரண்டு இல்லாத செவ்வாய்க்கிழமை.
பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும்
கிரே ஸ்ட்ரீட் என்றுதான் டர்பனில் கேட்டால் தெரியும்.
வாசற்படியை நன்றாக மிதித்துக்கொண்டு
உள்ளே வந்தான் மாலுமி.
அப்பா இருந்தால் செருமியிருப்பார்.

நுக்ஸார். பாத்தூமித் துறைமுகம், ஜார்ஜியா.
"அமெரிக்காவில் உள்ளது அல்ல,"
நான் கேட்கும் முன்பே சொன்னான்.
மூன்று மாதச் சம்பளம் தராத கப்பல்
வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் கிடக்கிறதாம்.

கைக்குட்டையை அவிழ்த்தான்.
செம்பு. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை.
தரையில் சொட்டிய வெல்லப்பாகு
இறுகிய மாதிரி ஓர் உருவம்.
ஒரு பக்கம் அவர்கள் எழுத்து. மறுபக்கம் அரபி.
அடுத்த கடை ஹஷீம் பாய்
டார்ச் பிடித்து வாசித்தார்:
அரசிகளின் அரசி, கியோர்கியின் மகள் தாமார்.

நுக்ஸார் தலையை ஆட்டினான்.
"அது அரபு வியாபாரிகளுக்காக. எங்களுக்கு அவள் மெபே.
ஆண்பால் பெண்பால் எங்கள் பேச்சில் கிடையாது.
ஆள்வது எதுவோ அது மெபே."

நமக்கும் இருக்கிறதே என்று தோன்றியது.
வேந்து. அரசு.
அஃறிணை போல் முடிகிற சொற்கள்.
என் தலைக்கு மேலே பலகையில் மட்டும்
'வீராசாமி அண்ட் சன்ஸ்'.
முதலாளி எங்கே என்று
இன்றுகூட இரண்டு பேர் கேட்டுப் போனார்கள்.

அவனுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.
அவளுடைய கொள்ளுத்தாத்தா தாவீது
கோயில் வாசலிலேயே புதைக்கச் சொன்னாராம்,
வருகிறவர்கள் எல்லாம் தன்மேல் நடக்கட்டும் என்று.
அவள் கல்லறை எங்கே என்று எவருக்கும் தெரியாது.
"அப்பனுக்குப் பிறகு நேரே மகளா?" என்றேன்.

காசைத் திருப்பி வைத்தான்.
"இல்லை. கியோர்கிக்கு ஓர் அண்ணன் இருந்தான்.
அவன் செத்தான். அவன் பையன் தெம்னா.
வளர்ந்ததும் உரிமை கேட்டான்,
படை திரட்டினான், தோற்றான்.
சித்தப்பன் அவன் கண்களைக் குருடாக்கினான்.
அப்புறம்தான் மகளுக்கு முடி."

ஹஷீம் பாய் டார்ச்சை அணைத்துவிட்டு
டீ வாங்கிவரப் போனார்.

எங்கள் வீட்டில் கத்தி எடுக்கவில்லை.
பெரியப்பா செத்த வருஷம்
வக்கீல் கடிதத்தில் ஒரு பெயர் விடுபட்டது.
அவ்வளவுதான்.
சன்ஸ் என்பதில்
கடைசி எழுத்து யாருக்கானது என்று
நானும் கேட்கவில்லை. எனக்கு இருபத்தொரு வயது.
சாவிக்கொத்து கனமாக, நன்றாக இருந்தது.

தராசில் வைத்தேன்.
ஒரு சிமிட்டல், அப்புறம் இருட்டு.
பேட்டரி தீர்ந்துபோச்சு.

இந்த வரிசையில் பேட்டரி விற்பது ஒருவன்தான்.
எதிர்நடையில் மடக்குமேசை போட்டு
கைக்கடிகாரம் பிரிக்கிற தயாளன்,
என் பெரியப்பா மகன்.
பத்தொன்பது வருஷமாகத்
தலையசைப்போடு சரி.

"தயா" என்று கூப்பிட்டேன்.
டாக்சி ஹார்னில் கேட்காது என்று நினைத்தேன். கேட்டது.
வந்தான், ஒற்றைக்கண் லென்ஸைக் கழற்றாமலே.
படிக்கு வெளியே நின்றுவிட்டான்.
கை மட்டும் உள்ளே நீண்டது,
உள்ளங்கையில் பொத்தான் அளவு வெள்ளி வட்டம்.

ஒன்றும் அறியாத நுக்ஸார்
படிமேல் ஏறி நின்று அதை வாங்கி
என்னிடம் தந்தான்.

தராசு எழுந்தது.
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.

"எவ்வளவு?" என்றேன்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
விலை சொல்ல வாய் திறந்தார்கள்.