ஐம்பத்தாறு பாகை

கச்சான் அடங்கும் ஐந்தரைக்கு
முகத்துவாரத்தில், வெளிச்சவீட்டுக்குப் பின்னால்
மாடுகள் ஒட்ட மேய்ந்த அறுகம்புல்லில் நிற்பேன்
ஒரேயொரு மட்டையோடு.

பாசிக்குடா ஹோட்டல் ஏலத்தில்
எண்ணூறு ரூபாய்க்கு விழுந்தது.
பிடி உரிந்திருந்தது. வெல்டிங் கடை டெரன்ஸ் ஒக்கர்ஸ்
மோட்டார் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை
சவர்க்காரத் தண்ணி விட்டு ஏற்றித் தந்தார்.
"இதால என்னத்தத் தோண்டப் போறீங்க மகள்?"

இருபது பந்து வாங்கினேன். இப்போது பதினேழு.
மூன்றைக் களப்பு வைத்துக்கொண்டது.
பதினைந்து காலடியில் ஒரு சைக்கிள் டயர்:
அதற்குப் பந்து கொஞ்சம் பறந்து நிறைய ஓட வேண்டும்.
சேற்றுக்கு அப்பால், கண்டல் ஓரம் இன்னொன்று:
அதற்கு நிறையப் பறந்து
விழுந்த இடத்திலேயே குந்திவிட வேண்டும்.

முதல் மாதம் முழுக்க அள்ளினேன்,
சட்டியின் அடியில் கரண்டி விடுவதுபோல.
விளிம்பு பந்தின் நெற்றியில் பட்டு
அது முயலாய்த் தரையோடு பாயும்.
தூக்குவது என் வேலையல்ல,
இரும்பின் சாய்வு பார்த்துக்கொள்ளும்
என்று நம்ப ஆறு வாரம் எடுத்தது.
பாரம் இடது காலில். கைகள் பந்துக்கு முன்னால்.
கீழ்நோக்கி அடி, மேலே போகும்.

போனது. அதற்குப் பிறகுதான்
மற்றப் பிழை வெளியே வந்தது.
பின்னுக்கு நீளமாகக் கொண்டுபோவேன்;
வரும் வழியில் ஒரு பயம்;
தொடுமுன்னே கை தளர்ந்துவிடும்.
மட்டை புல்லில் தடக்க, பந்து ரெண்டு முழம் நகரும்.

நண்டுக்கூட்டைத் தோளில் போட்டபடி
மரியநாயகம் நின்று பார்த்தார்.
"இவ்வளவு ஓங்குறீங்க,
மறுகா ஏன் இரங்குறீங்க?"

வங்கியில் எனக்குக் கடன் பிரிவு.
இன்று காலை ஏறாவூர் ஜெஸீமா,
தையல் மெஷின் ரெண்டுக்கு.
"உங்கட விண்ணப்பத்த..." என்று நிமிர்ந்து தொடங்கி
"அடுத்த மாசம் ஒருக்கா வாங்களேன், பாப்பம்"
என்று முடித்தேன்.
கிடைக்காது. எனக்குத் தெரியும்.
அவர் இன்னொரு முறை பஸ்ஸுக்குக் காசு கொடுப்பார்.

குறுக்கினேன்.
பின்னுக்கு இடுப்பளவு,
முன்னுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
பத்தில் நாலு டயருக்குள்.
ஒன்று நண்டுக்கூட்டில் பட்டது;
மரியநாயகம் சிரிக்கவில்லை.

பிறகு தூரத்து டயருக்கு ஒன்று.
அடித்த பின்னும் நிமிராமல்
பந்து இருந்த புல்லையே பார்த்தேன்,
மெல்லிய மண் கீறல், அதில் ஒரு எறும்பு.
எங்கோ தொப்பென்றது.
ரப்பரா சேறா, சொல்லத் தெரியவில்லை.

இருட்டில் குனிந்து பொறுக்கினேன். பதினாறு.
ஒக்கர்ஸின் ரப்பர் கையில் கறுப்பாய் ஒட்டியிருந்தது.
அதே விரலால்
ஜெஸீமாவின் இலக்கத்தைத் தேடினேன்.