மூன்று அட்டைகள்

என்னிடம் மூன்று அட்டைகள்.
பச்சை: இன்னும் ஐந்து நிமிடம்.
மஞ்சள்: ஒன்று.
சிவப்பைத் தூக்கினால்
எப்பேர்ப்பட்ட பேராசிரியரும் வாயை மூட வேண்டும்.
இரண்டு நாளாக இதுதான் வேலை. கூலி
ஒரு துணிப்பை, எழுதாத பேனா,
'தன்னார்வலர்' என்று அச்சிட்ட சான்றிதழ்.
தடையற்ற சந்தை மாநாட்டில்
விலை பேசாமல் உழைப்பவள் நீ ஒருத்திதான்
என்று முதல் நாளே யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன், அதுவும் கணக்கில் வராது.

தாத்ரா மலையடிவாரம். நவம்பர்.
சுரங்கத் தொழிற்சங்கத்தின் ஓய்வில்லமாக இருந்த விடுதி.
நான்காம் அரங்கின் சுவர் முழுக்க
வண்ணச் சில்லுகளில் விளக்கேந்திய சுரங்கக்காரர்கள்.
பெயர்த்தெடுக்கச் செலவு அதிகமாம், விட்டுவிட்டார்கள்.
திரையை இறக்கினால் முகங்கள் மறைந்துவிடும்.
மேலே வரைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்,
கீழே
பதினான்கு பூட்ஸ் கால்கள்.

சனிக்கிழமை, கடைசி அமர்வு.
பாதிப் பேர் விமானம் பிடிக்கப் போயாயிற்று.
டெக்சஸ்காரர் க்ளேபோர்ன், ஏலக் கோட்பாட்டில் புலி,
எழுந்து சொன்னார்:
"ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்பது
அப்பட்டமான திட்டக்குழு வேலை.
விற்க விடுங்கள்."
அமர்வுத் தலைவர் லுத்மிலா மறுக்கவில்லை,
அவருக்கும் ரயில் இருந்தது.
நாணயம்?
இரவு விருந்துக்குத் தந்திருந்த வைன் கூப்பன்.
ஊருக்குப் போனவர்களின் கூப்பன்களை
மதியமே கேட்டு வாங்கிவைத்திருந்தார் க்ளேபோர்ன்.

வியோரிகா, யாஷ் நகரம்.
கட்டுரைத் தலைப்பு: வரிசையில் நின்ற நேரத்தின் விலை.
பன்னிரண்டு நிமிடத்தையும்
ஏழு கூப்பனுக்கு விற்றுவிட்டு
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.
பேரம்கூடப் பேசவில்லை.

வாங்கியவர் பேசினார். நன்றாகவே பேசினார்.
இருபத்து நான்கில் பதினெட்டாவது நிமிடத்தில்
சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

மிச்சம் ஆறு நிமிடம்.
விற்றவள் பேச முடியாது. வாங்கியவருக்கு வேண்டாம்.
"உரிமையாளர் இல்லாத சொத்து" என்றார் ஒருவர்.
"உரிமையாளர் இருக்கிறார், பயன்தான் இல்லை"
என்றார் வில்னியஸிலிருந்து வந்தவர்.
அப்புறம் அவரும் பேசவில்லை.
வெந்நீர்க் குழாய் டக் டக்கென்றது.
புரொஜெக்டர் தானாக அணைந்தது.
ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

என் அட்டைகளைப் பார்த்தேன்.
இதற்கென்று ஒரு நிறம் இல்லை.

வியோரிகா மட்டும்
கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்தாள்,
தலைகளை எண்ணினாள்,
மறுபடி குறித்தாள்.

ஆறும் முடிந்ததும் திரை சுருண்டு மேலே போனது.
விளக்கோடு ஏழு பேர்
எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகும்போது ஒரு கூப்பனை
என் மேசைமேல் வைத்தாள்.
எதன் விலை என்று சொல்லவில்லை.
அன்றிரவே மாற்றிக் குடித்துவிட்டேன்.
வைன் கொஞ்சம் புளிப்பு.