பதினோராவது சேலை

டிவியில் சினிமாக் கேள்வி பதில்.
அந்தப் பாட்டில் கதாநாயகிக்கு எத்தனை சேலை?
"பதினொன்று" என்ற பையனுக்கு
மிக்சி கொடுத்தார்கள்.

பாட்டை எடுத்தது எங்கள் சேரம்பாடியில்,
மூணாம் டிவிஷன், பள்ளத்து மலையில்.
கதைக்கு அது காஷ்மீர் என்று
படம் வந்தபிறகுதான் எங்களுக்கே தெரியும்.
காஷ்மீரில் ஏது தேயிலை என்று
கூடலூர்க் கொட்டகையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

மஞ்சுக்கு, தகரச் சட்டியில் சாம்பிராணி.
நிஜ மஞ்சு இறங்கியதும்
"கட்" என்று கத்திவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்தம்மாவுக்கு அட்டை என்றால் உயிர் போகும்.
கணுக்காலில் ஒன்று ஏறியது.
காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றியவர்
பிறகு இறங்கவே இல்லை.
"கொழுந்து கிள்ளுகிற கை ஒன்று வேணும்,
கை மட்டும்."
பதினாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.
ராகலையில் பிறந்து
கப்பலில் வந்த என் கையை
மேக்கப்காரர் புரட்டிப் பார்த்தார்.
எலுமிச்சைத் தோலால் கறையைத் தேய்த்தார்,
போகிற வரைக்கும் தேய்த்தார்.
படங்குக்கு மேலே
மயில்கழுத்துப் பட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

முகம் அந்தம்மா.
பேச்சு யாரோ,
பாட்டு வேறு யாரோ,
கை நான்.
நாலு பேர் சேர்ந்து ஒருத்தி.

மோதிரம் மாட்டுகிற இடத்தில்
கதாநாயகரும் இல்லை, ஊட்டியில் காய்ச்சல்.
லைட் தூக்குகிற மாசிலாமணிக்குக்
கோட்டு மாட்டிவிட்டார்கள்.
கட்டைவிரலில் கரண்ட் சுட்ட தழும்பு,
அதில் பவுடர்.
மூணு தடவை போட்டான்,
மூணு தடவையும் அவன் கைதான் நடுங்கியது.
அப்புறம் மோதிரத்தை
எண்ணி வாங்கிக்கொண்டார்கள்,
இருந்ததே ஒன்று.

படத்தில் எனக்குப் பேர் இல்லை.
தோட்டத்தில் அன்றைக்கு அரைப்பேர்.
மலையில்தான் நின்றேன் கணக்கய்யா,
கொழுந்துதான் கிள்ளினேன் என்றேன்.
நிறுவைக்கு வரவில்லையே என்றார்.

"இன்னொரு சுவாரசியமான தகவல்!"
டிவிக்காரி சிரிக்கிறாள்.
அந்த மோதிரத்தைப் போட்டபோதுதான்
இருவருக்கும் நிஜமாகவே காதல் வந்ததாம்.
என் வீட்டுக்காரர்
"அப்படியா!" என்று சத்தத்தைக் கூட்டுகிறார்.

மாசிலாமணியைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்?
"அவர் கட்டியது பத்துதான்" என்றேன்,
"அந்தப் பையனிடமிருந்து
மிக்சியைத் திருப்பி வாங்கணும்."