நடுக்கரி

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில்
ஐந்து நாளாய் மொரிஸ் மைனர்:
சுழல்கிறது, பற்றவில்லை.

கழற்றியதையெல்லாம் பழைய பேப்பரில்
வட்டம் கீறி வைத்திருந்தேன்.
பொயின்ற், கொண்டென்சர், ரோட்டர், வாஷர் நாலு.
எல்லாம் போய்ச் சேர்ந்தபின்
வட்டமில்லாமல் ஒரு ஸ்பிரிங்.
"பேனாவில கழன்றதாக்கும்"
என்றாள் தயாபரி.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் நானா
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கவிழ்த்து
ஊதி
சின்னிவிரலை உள்ளே விட்டார்.
"நடுவில கரி எங்க?
பென்சில் கூர் மாதிரி இருக்குமே.
அதைத் தள்ளுற ஸ்பிரிங்தான் இது.
என்னட்ட இல்ல. எவனிட்டயும் இல்ல.
வீட்டில கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். சோபாவைப் புரட்டினேன்.
குப்பை வாளிக்குள் தலையை விட்டேன்.
கடைசியில் கலண்டரில் கண்டேன்:
பதினாலாம் திகதிக் கட்டத்தில்
சாம்பல் நிறத்தில் அவள் எழுத்து,
'காஸ் வந்தது'.
பதினாறில், 'தண்ணி பில்'.

அடுப்படி யன்னலில் கிடந்தது துண்டு,
ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்து.

முதலில் ஸ்பிரிங், பிறகு கரி.
விரலால் அழுத்த, திரும்பி அழுத்தியது.
மூடினேன்.
இரண்டாம் சுற்றில் பிடித்தது;
ஒழுங்கை முழுக்கப் புகை.

யன்னலால் எட்டிப் பார்த்து
புகைக்குள் கேட்டாள்:
"அப்ப நான் இனி
எதால எழுதுறது?"