எரநூறு

டெல்பினிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல்.
எரநூறு.

காசிமேட்டு ஏலத்தில்
விடியாத மூணு மணிக்கு
கடைசியாக அவள் கூவியது அதுதான்.
சங்கராக் கூடைமேல் சாய்ந்தபோது
மற்ற சொற்களெல்லாம்
ஐஸ் தண்ணியோடு சாக்கடைக்குப் போய்விட்டன.

இப்போது டீ வேண்டுமென்றாலும் எரநூறு.
ஃபேனை நிறுத்து என்றாலும் எரநூறு.
ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும்
எரநூறு, எரநூறு.
மாதா பேரம் பேசுகிறவள் இல்லை,
ஏற்றுக்கொண்டிருப்பாள்.

மீதியைச் சொல்வது இடது கை.
இருபத்தாறு வருஷம்
கூடைக்கு முட்டுக்கொடுக்க மட்டும் தெரிந்த கை.
பேச்சுக்குப் புதுசு.
டீ என்றால் ஆற்றுவதுபோல ஒரு இழுப்பு.
உப்பென்றால் இரண்டு விரல் தேய்ப்பு.
மகன் ஜெரோம் என்றால் காதோரம் கை,
அவன் போனில் மட்டும் வருகிறவன்.
என்னைக் கூப்பிட, கட்டிலில் இரண்டு தட்டு.
என்னைப் பற்றி அடுத்தவரிடம் சொல்ல
மூக்கைச் சுளிப்பாள்:
டீசல் வாடைக்காரன்.

ஸ்டான்லியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்
ஒரு படத்தாள் கொடுத்தாள்.
ஆப்பிள், டாக்டர், கக்கூஸ், கடிகாரம்.
டெல்பின் விரலை வைத்து மேலும் கீழும் தேடினாள்.
நெத்திலி இல்லை.
தாளால் தனக்கு விசிறிக்கொண்டாள்.

"அவங்க புத்தி அப்படியேதான் இருக்கு கஸ்பர் அங்கிள்.
வார்த்தை வர்ற வழிதான் அடைச்சிருக்கு.
கையைப் பாருங்க.
புரிஞ்சதை வாயால திருப்பிச் சொல்லுங்க.
தப்புன்னா அவங்களே காட்டுவாங்க."

பார்த்தேன்.
அதில்தான் வந்தது வினை.

போன செவ்வாய்
காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.
தோசையா என்றேன். தலை இல்லை என்றது.
மறுபடி வட்டம்.
தட்டா? சல்லடையா? குடத்து மூடியா?
நிலாவா என்று சிரிக்கப் பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்தாள்.
நான் போய்
பிரஷர் மிஷினை எடுத்துவந்து
பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூத்தி நாப்பது, தொண்ணூறு, பரவால்ல என்றேன்.

முதல் வட்டத்திலேயே
புரிந்துவிட்டிருந்தது எனக்கு.

வீங்கிய கையிலிருந்து
நர்ஸ் சோப்புப் போட்டுக் கழற்றி
பஞ்சில் சுற்றித் தந்த வளையல்.
ஸ்கேனுக்கு, ஆட்டோவுக்கு,
ரெண்டு மாசம் திறக்காத என் இன்ஜின் பட்டறை வாடகைக்கு
எம்.சி. ரோட்டுப் பின்சந்தில்
அடகுக்கடைத் தராசில் போய் உட்கார்ந்த வளையல்.
சொல்லியிருக்கலாம்.
எனக்கு வாய் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வட்டம் போடவில்லை.
கட்டிலில் இரண்டு தட்டு.
சுவரில் காலண்டரைக் காட்டினாள்.
தேதியா என்றேன், வெட்கமில்லாமல்.
விரல் இறங்கவில்லை.

அட்டைக்குப் பின்னால் செருகியிருந்த ரசீதை
எடுத்துக் கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
எழுத்தும் அவளை விட்டுப் போயிருந்தது.
எட்டாய் மடித்த மடிப்பை மட்டும் படித்தாள் போல.
பிறகு அதை என் சட்டைப் பையில் திணித்து
மேலே ஒரு குத்து விட்டாள்.
வலித்தது.

"எரநூறு" என்றாள்.
கேள்வி இல்லை, திட்டும் இல்லை,
ஏலத்தில் முதல் விலை சொல்லும் ராகம்.
என்ன செய்ய? முன்னூறு என்றேன்.
எரநூறு.
நானூறு என்றேன், தொண்டை அடைத்துக்கொண்டு.
கையின் விளிம்பால்
மெத்தையில் ஒரே வெட்டு:
முடிஞ்சுது, கூடையைத் தூக்கு.

யார் யாரை வாங்கினோம் என்று தெரியவில்லை.
கீழே லாரித் தண்ணி வந்துவிட்டது,
குடத்தோடு ஓடினேன்.

திரும்பி வந்தால்
காற்றில் மறுபடியும் ஒரு வட்டம்.
திக்கென்றது.

இந்தத் தடவை
தோசைதான்.